கை பழகிவிட்டால் ஆபத்து



போன மாதம் தங்கை மகன் என் காரை ஓட்டினான். கொஞ்ச தூரத்திலேயே, "மாமா, வண்டி இடது பக்கம் இழுக்குதே, உங்களுக்குத் தெரியலையா?" என்றான். எனக்குத் தெரியவே இல்லை. ஸ்டீயரிங்கைச் சற்று வலப்பக்கமாகப் பிடித்தபடியே பல மாதம் ஓட்டியிருக்கிறேன். கை பழகிவிட்டது.

மறுநாள் மெக்கானிக் முன்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினார். லொடலொடவென்று ஆடியது. டை ராடு முனையில் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் போய், துரு ஏறியிருந்தது. ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் மூட்டு அது. அது கழன்றுவிட்டால் எவ்வளவு திருப்பினாலும் அந்தச் சக்கரம் நம் பேச்சைக் கேட்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிரே பேருந்து வரும் நேரம் அப்படி ஆகியிருந்தால்? அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உப்பு இரும்பைத் தின்னும் என்று மரக்காணத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் வீட்டு ஜன்னல் கம்பியே சாட்சி. ஆனாலும் காரின் மேல்பக்கத்தைத்தான் பளபளவென்று துடைக்கிறோம். அடிப்பக்கத்தையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சர்வீஸுக்கு விடும்போது ரப்பர் உறைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்டீயரிங் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஒரு பக்கம் இழுத்தால் முதலில் டயர் காற்றைப் பாருங்கள். சரியாக இருந்தால் வீல் அலைன்மென்ட். வேகத்தில் நடுங்கினால் பெரும்பாலும் வீல் பேலன்சிங். திடீரென்று கனத்தால் டயரில் காற்று குறைந்திருக்கலாம், பவர் ஸ்டீயரிங்கும் பழுதாகியிருக்கலாம். திருப்பிய பிறகும் சக்கரம் தாமதமாகத் திரும்பினால் மூட்டு தேய்ந்திருக்கலாம். அந்த வண்டியில் வெளியூர் போகாதீர்கள். சாவி திரும்பாவிட்டால் மட்டும் பயப்பட வேண்டாம், அது பூட்டு. ஸ்டீயரிங்கை லேசாக அசைத்தபடி சாவியைத் திருப்பினால் விடும்.

"ஓடுற வண்டிக்கு எதுக்குச் செலவு?" என்று நானும் சொன்னவன்தான். ஓடுவது வேறு, நம் கைக்குள் இருப்பது வேறு.

வகுப்பில் கணக்கு நோட்டைப் பக்கத்துப் பையனிடம் மாற்றித் திருத்தச் சொல்வேனே, நினைவிருக்கிறதா? தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் காரையும் வேறொருவரிடம் கொடுத்து ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.