சீட்டித்துணியில் யாருடைய கைகள்?

அச்சுக்கட்டையும் இயற்கைச் சாயமும் கொண்டு காலனிய வணிகத்தின் கதையைச் சொல்லும் துணிக் கண்காட்சிகளைப் பார்க்கிறோம். சோழமண்டலக் கரையின் சீட்டித்துணி ஐரோப்பாவை மயக்கியது. பிரான்ஸ் 1686இலும், இங்கிலாந்து 1700, 1721 ஆண்டுகளிலும் அதைச் சட்டம் போட்டுத் தடுத்தன. பின்னர் லங்காஷயர் ஆலைத்துணி நம் நெசவாளர்களை நசுக்கியது. இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கதையில் கொள்ளையடித்த வெள்ளைக்காரன், பறிகொடுத்த 'இந்தியா' என்று இரண்டே பாத்திரங்கள். சாதி எங்கே போனது?

சீட்டித்துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்து, படிகாரத்தால் வரைந்தோ அச்சிட்டோ, சாயவேரோடு கொதிக்கவைத்தால் சிவப்பு ஏறும். நீலத்துக்கு அவுரித் தொட்டி. இடையிடையே ஆற்றில் அலசி, வெயிலில் வெளுக்க வேண்டும். ஓவியம் தீட்டிய கையை மட்டும் 'கலைஞர்' என்கிறோம். வேர் தோண்டியவர்? டச்சு ஆட்சியில் யாழ்ப்பாணம், மன்னார் பக்கம் அந்த வேலை சாதியின் பேரால் சுமத்தப்பட்ட ஊழியம். நெய்தவர்களில் கோலியரும் உண்டு. இன்று அவர்கள் தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் ஒருவர். சென்னையில் கம்பெனித் துணியை வெளுத்தவர்களுக்கு மிஞ்சியது வண்ணாரப்பேட்டை என்ற ஊர்ப்பெயர். அருங்காட்சியகச் சீட்டிலோ 'சோழமண்டலம், 18ஆம் நூற்றாண்டு' என்பதோடு சரி.

துணி போய்ச் சேர்ந்த இடத்தையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்துச் சட்டம் உள்நாட்டில் உடுத்துவதைத்தான் தடுத்தது. மறு ஏற்றுமதியைத் தடுக்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் இந்தியப் பருத்தித்துணி கொடுத்து மனிதர்களை விலைக்கு வாங்கினார்கள். புதுச்சேரியின் நீல 'கினி' துணி செனகல் வரை போனது. இங்கே சாதியால் ஒடுக்கப்பட்டவரின் உழைப்பு, அங்கே அடிமைச் சந்தையில் விலையாக மாறியது. அடிமைமுறையையும் சாதியையும் சேர்த்து வைத்துப் பார்த்த ஜோதிராவ் புலே, 1873இல் தன் 'குலாம்கிரி' நூலை அடிமை ஒழிப்புக்காகப் போராடிய அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அந்தப் பார்வை இன்றைய கண்காட்சிகளுக்கு வரவில்லை.

காலனியத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால், அதற்கு முன்பும் பின்பும் அந்த உழைப்பை மலிவாக்கிய சாதி 'பாரம்பரியம்' என்ற பெயரில் தப்பித்துக்கொள்கிறது. அப்பன் தொழிலையே பிள்ளையும் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் 'கைவினை மரபு' ஆகிவிடுகிறது.

எனவே, தோழர்களே, கண்காட்சிக்குப் போனால் வேர் தோண்டியது யார், வெளுத்தது யார், கூலி என்ன என்று கேளுங்கள். வரலாறும் வடிவமைப்பும் படிக்கிற மாணவர்கள் இதையே ஆய்வுத் தலைப்பாக எடுங்கள். கம்பெனி ஆவணங்களில் சாதிப்பெயர்கள் இருக்கின்றன. சாயக்காரர், வண்ணார் குடும்பங்களின் பெரியவர்களிடம் நினைவுகள் இருக்கின்றன. அவற்றை நாமே போய்ப் பதிவு செய்வோம்.