உங்க போனில் இருப்பது என் நம்பர் ஐயா!

"நம்மகிட்ட ஒளிச்சு வைக்க என்னங்க இருக்கு?"

போன வாரம் டீக்கடையில் நண்பர் ஒருத்தர் கேட்டது. எல்லா ஆப்புக்கும் எல்லா அனுமதியும் கொடுத்து வச்சிருக்கீங்களே, கொஞ்சம் பார்த்துக்கக் கூடாதான்னு கேட்டேன். அதுக்குத்தான் இந்த பதில். இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. அதனால இன்னிக்கு கொஞ்சம் காரமாவே எழுதப் போறேன். கோவிச்சுக்காதீங்க மக்கா.

முதல்ல ஒரு கதை. 2020, கொரோனா நேரம். கூட வேலை பார்த்த தம்பி ஒருத்தனுக்கு சம்பளம் பாதியாச்சு. ஏதோ ஒரு கடன் ஆப்பில் ஐயாயிரம் வாங்கினான். தவணை நாலு நாள் தள்ளிப் போனதும் எனக்கு போன். "உங்க ஆள் காசு கட்டலை, நீங்க கட்டுறீங்களா, இல்ல..." அதுக்கு மேல இங்கே எழுத முடியாது. அந்த ஆப் என் போனில் இல்லை. அதோட பேர் கூட எனக்குத் தெரியாது. ஆனா அவன் "அனுமதி"ன்னு அமுக்கின ஒரே ஒரு பட்டனில் என் நம்பர், மேனேஜர் நம்பர், அவனுக்குப் பொண்ணு பேசி முடிச்சிருந்த வீட்டு நம்பர் எல்லாம் போயிருச்சு. அவன் போட்டோவில் "திருடன்"னு எழுதி அத்தனை பேருக்கும் அனுப்பினாங்க. கல்யாணம் நின்னுச்சு. ஐயாயிரம் ரூபாய்க்கு!

இது அவன் ஒருத்தன் கதை இல்லை. 2020 டிசம்பரில் ரிசர்வ் வங்கியே இப்படிப்பட்ட ஆப்புகளைப் பத்தி எச்சரிக்கை விட்டது. கடன் ஆப்புகள் காண்டாக்ட், போட்டோ பக்கம் போகக்கூடாதுன்னு கூகுள் ப்ளே ஸ்டோரில் விதி வர 2023 ஆச்சு.

இப்ப சொல்லுங்க. "எனக்கு ஒளிக்க ஒண்ணுமில்லை" என்பதில் அந்த "எனக்கு" யாரு? உங்க போனில் இருக்கும் ஐநூறு நம்பரும் உங்க சொத்து இல்லை. அந்தந்த ஆள் உங்களை நம்பிக் கொடுத்தது. ஊருக்குப் போற பக்கத்து வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்துட்டுப் போனா, "என் வீட்டில் திருட ஒண்ணுமில்லை"ன்னு அதைத் தெருவில் போடுவீங்களா?

நானும் யோக்கியன் இல்லை. தெரியாத நம்பர் வந்தா பேர் காட்டுற ஆப் ஒண்ணை வருஷக்கணக்கா வச்சிருந்தேன். அதுக்குப் பேர் எங்கிருந்து வருதுன்னு யோசிச்சதே இல்லை. என்னை மாதிரி ஆளுங்க நம்பர் புத்தகத்தை அள்ளிக் கொடுத்ததில் இருந்துதான்! "வட்டி அக்கா"ன்னு நான் பதிஞ்சு வச்சது, அந்த அக்காவோட அண்ணன் மகன் போனில் அப்படியே வந்து நின்னுச்சு. அன்னியிலிருந்து அக்கா என்கிட்ட பேசுறதில்லை. எனக்கு வேணும்.

அடுத்த கேள்வி ரெடியா இருக்கும். "வாட்ஸப்பில்தான் பூட்டு இருக்கே?" இருக்கு, 2016 முதல். பூட்டு கடிதத்துக்கு. யார் யாருக்கு, எப்போ, எத்தனை தடவை அனுப்பினாங்க என்கிற உறைக்கு இல்லை. ஃபேஸ்புக் வாட்ஸப்பை 2014ல் வாங்குச்சு. 2016ல் பயனர்களின் போன் நம்பரை ஃபேஸ்புக்கோடு பகிர்வோம்னாங்க. 2021ல் "புது விதியை ஒத்துக்கோ"ன்னு நெருக்கினாங்க. அதுக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டுச்சு.

மாற்று இல்லையா? இருக்கு. சிக்னல் லாபநோக்கம் இல்லாத அமைப்பு நடத்துறது. 2016ல் அமெரிக்காவில் ஒரு வழக்குக்காக அவங்களுக்கு சம்மன் வந்துச்சு. அவங்களால கொடுக்க முடிஞ்சது ரெண்டே விஷயம்: கணக்கு தொடங்கின நேரம், கடைசியா இணைஞ்ச நாள். வச்சிருந்தாத்தானே கொடுக்க? மாஸ்டடான்னு ஒண்ணு 2016லிருந்து இருக்கு. ஒரே முதலாளி கிடையாது, விளம்பரம் பார்த்து வரிசையை மாத்துற வேலையும் கிடையாது. கூட்டம் கம்மி, அதையும் சொல்லிடறேன்.

நம்ம ஊர் ஆப்புன்னா மட்டும் கண்ணை மூடிக்கலாமா? 2025 செப்டம்பரில் எல்லாரும் அரட்டைக்கு ஓடினோம். தமிழ்ப் பேர், எனக்கும் பெருமைதான். ஆனா அப்போ அதில் எழுத்துச் செய்திகளுக்கு முழுப் பூட்டு இல்லை. ஊரைப் பார்த்து இல்லை, பூட்டைப் பார்த்து நம்புங்க.

போனும் அப்படித்தான். துணிஞ்சவங்க பிக்சல் போன் வாங்கி கிராஃபீன் ஓஎஸ் போடலாம். கூகுள்கிட்டயிருந்து தப்பிக்க கூகுள் போன், சிரிப்பாத்தான் இருக்கு. :-) ஆனா எந்த ஆப் எந்தெந்த காண்டாக்டைப் பார்க்கலாம்னு அதில் நீங்களே பொறுக்கி எடுத்துக் கொடுக்கலாம். சில வங்கி ஆப் அதில் மக்கர் பண்ணும், தெரிஞ்சே இறங்குங்க. ஐபோனில் 2024ல் வந்த ஐஓஎஸ் 18 முதல் இதே மாதிரி காண்டாக்டைத் தேர்ந்து கொடுக்கலாம். காசு செலவு பண்ண முடியாதா? இருக்கிற ஆண்ட்ராய்டிலேயே செட்டிங்ஸில் பர்மிஷன் மேனேஜர் இருக்கு. அதில் காண்டாக்ட்ஸைத் திறந்து பாருங்க. கால்குலேட்டருக்கும் கேம்ஸுக்கும் உங்க மாமியார் நம்பர் எதுக்குன்னு கேளுங்க. பதில் இல்லைன்னா பிடுங்குங்க.

பத்து நிமிஷ வேலை. உங்களுக்காகப் பண்ண வேண்டாம். அந்த லிஸ்ட்டில் நானும் இருக்கேன், எனக்காகப் பண்ணுங்க.

டிஸ்கி: அந்தத் தம்பிக்குப் போன வருஷம் கல்யாணம் ஆயிருச்சு. பத்திரிகை வாட்ஸப்பில் அனுப்பலை. வீட்டுக்கே வந்து வெத்தலை பாக்கோட கொடுத்தான்.