அயலவருக்குத் தெரியாமல் வழங்கப்படும் அனுமதி

கொழும்பின் புறநகர்களில் ஒரு காணியைச் சுற்றித் தகர வேலி எழும்பிய பிறகுதான் அங்கே வீடமைப்புத் திட்டமொன்று வரப்போகிறது என்பது அயலவர்களுக்குத் தெரியவருகிறது. அதற்குள் அனுமதி கிடைத்து, வீடுகளில் ஒரு பகுதிக்கு முற்பணமும் வாங்கப்பட்டிருக்கும். பிரதேச சபைக்குச் சென்று விசாரிப்பவர்களுக்கு 'எல்லாம் சட்டப்படியே நடந்திருக்கிறது' என்ற பதில் கிடைக்கிறது. பல சந்தர்ப்பங்களில் அந்தப் பதில் உண்மையானதாகவும் இருக்கிறது என்பதே கவலைக்குரியது.

நகர அபிவிருத்தி அதிகார சபை 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. அந்தச் சபையின் எல்லைக்குட்பட்டதாகப் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில் அனுமதியின்றி எந்த அபிவிருத்தி வேலையையும் மேற்கொள்ளமுடியாது. சிறிய, நடுத்தரத் திட்டங்களைப் பரிசீலிக்கும் அதிகாரம் உள்ளூராட்சி சபைகளிடம் கையளிக்கப்பட்டிருக்கிறது. விண்ணப்பதாரர் வடிகால், நீர் வழங்கல், மின்சாரம் என்று ஒவ்வொரு திணைக்களத்திடமிருந்தும் ஒவ்வொரு கடிதத்தைப் பெற்றுவருவார். திட்டமிடல் குழு அந்தக் கோவையைப் பார்த்துத் தீர்மானிக்கும். பதினைந்து அடி அகலமான ஒழுங்கையில் நாற்பது குடும்பங்களின் வாகனங்கள் எவ்வாறு போய்வரும், மழைக்காலத்தில் அந்தக் காணி இதுவரை உள்வாங்கிய தண்ணீர் இனி எங்கே போகும் என்பதை நன்கறிந்தவர்கள் அந்த ஒழுங்கையில் வாழ்பவர்களே. அந்தக் கோவையில் அவர்களது கடிதத்துக்கு மாத்திரம் இடமில்லை.

சுற்றாடல் தாக்க மதிப்பீடு இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் அந்த நடைமுறையை அறிமுகப்படுத்தியது. மதிப்பீட்டு அறிக்கை பற்றி வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்து, 30 நாட்களுக்குள் மக்களின் கருத்தைப் பெறவேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால், 1993ஆம் ஆண்டின் வர்த்தமானி அறிவித்தலின்படி ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகளைக் கொண்ட திட்டங்களும் 4 ஹெக்டயருக்கு மேற்பட்ட சதுப்பு நிலத்தை நிரப்பும் திட்டங்களுமே அதற்குள் அடங்கும். பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கும் நீர்நிலைகளுக்கும் அருகாமையில் உள்ள காணிகளுக்குத் தனியான விதிகள் உண்டு. ஏனையவை எல்லாம் தப்பிவிடுகின்றன. 4 ஹெக்டயர் என்பது ஏறத்தாழ பத்து ஏக்கர். புறநகரில் எஞ்சியிருக்கும் சதுப்பு நிலங்களை இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று நிரப்பி முடித்துவிட்டால், கடைசிவரை எவரிடமும் எதையும் கேட்கவேண்டிய அவசியம் வராது. (பத்திரிகையில் வெளியாகும் அந்த அறிவித்தல்களைக்கூட ஒப்புநோக்குநர்களைத் தவிர வேறு யாராவது முழுமையாக வாசிக்கிறார்களா என்ற சந்தேகம் எனக்கு நீண்டகாலமாக உண்டு.)

2010 நவம்பரில் பெய்த பெருமழையில், தியவன்னா சதுப்பு நிலத்தின் நடுவே அமைந்த பாராளுமன்றமே வெள்ளத்தில் சூழப்பட்டு, உறுப்பினர்கள் இராணுவ வாகனங்களில் அழைத்துச்செல்லப்பட்டார்கள். சட்டமியற்றுபவர்களுக்கு அதைவிடத் தெளிவாக எவரும் பாடம் நடத்தியிருக்கமுடியாது. 2016 மே மாதத்திலும், டித்வா சூறாவளி தாக்கிய 2025 நவம்பர் இறுதியிலும் களனி கங்கை பெருக்கெடுத்தபோது கொலன்னாவைப் பகுதி மக்கள் வீடுவாசலை விட்டு வெளியேறவேண்டியிருந்தது. மண் நிரப்பி உயர்த்திய காணியில் கட்டிய புதிய வீட்டுக்குள் மழைவெள்ளம் எளிதில் நுழைவதில்லை. அதன் பின்புறத்தில் நாற்பது வருடங்களாக இருந்துவரும் பழைய வீட்டுக்குள்தான் அது நுழைகிறது.

நீதிமன்றத்தை நாடலாம். பொதுத் தேவைக்காகச் சுவீகரிக்கப்பட்ட பத்தரமுல்லைக் காணி தனியார் கோல்ஃப் மைதானத்துக்குக் கைமாறிய 'வோட்டர்ஸ் எட்ஜ்' வழக்கில், 2008 ஒக்டோபரில் உயர்நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவுக்கு 30 இலட்சம் ரூபா செலுத்துமாறு உத்தரவிட்டது. இரு பிரஜைகளின் அடிப்படை உரிமை மனுவினால் கிடைத்த தீர்ப்பு அது. ஆனால், ஒழுங்கையில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் வழக்குத் தொடருங்கள் என்று சொல்வது ஆலோசனையாகாது. அவருக்குத் தேவைப்படுவது அனுமதிக்கு முந்திய ஒரு மாத அவகாசம்.

உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவடைந்தபோது தேர்தலை நடத்தாமல் விட்டார்கள். 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடைபெறும் வரை, மக்களால் தெரிவு செய்யப்பட்ட ஒருவரேனும் இல்லாமலேயே சபைகள் அதிகாரிகளால் நிர்வகிக்கப்பட்டன. இரண்டு வருடங்களுக்கும் மேலாக, முறையிடுவதற்கு ஒரு வட்டார உறுப்பினர்கூட இருக்கவில்லை.

லண்டனில் ஹரோ பகுதியிலோ ரொறன்ரோவில் ஸ்காபரோவிலோ வசிக்கும் எம்மவர்களுக்கு விளக்குக் கம்பத்தில் கட்டப்படும் அறிவித்தலும், காணியின் முன்னால் நடப்படும் பெரிய பலகையும் பழக்கமானவை. அந்த நாடுகளில் இந்த உரிமை துஷ்பிரயோகம் செய்யப்படுவதும் உண்டு. தமக்கு வீடு கிடைத்த பிறகு மற்றவருக்குக் கதவைச் சாத்துகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எமது நாட்டில் அந்த ஆபத்து இன்னும் பெரியது. 1983க்குப் பிறகு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் வத்தளையிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு எதிராக அயலவர்கள் மனுக் கொடுக்க வசதியிருந்திருந்தால், அந்த மனுக்களில் வடிகாலைப் பற்றி மாத்திரம்தானா எழுதப்பட்டிருக்கும்? எனவே, ஆட்சேபனை தண்ணீர், பாதை, கழிவு, வெளிச்சம் ஆகியவை பற்றியதாக மாத்திரமே இருக்கவேண்டும். வரப்போகிறவர் யார் என்பது பரிசீலனைக்கு உரியதல்ல என்று விதியிலேயே எழுதப்படவேண்டும்.

இருபது வீடுகளுக்கு மேற்பட்ட ஒவ்வொரு திட்டத்துக்கும் காணியின் முன்னால் மும்மொழியிலும் ஒரு பலகை, சபைக் காரியாலயத்தில் எவரும் பார்வையிடக்கூடியதாக வரைபடமும் வடிகால் கடிதமும், 30 நாட்கள், ஒவ்வொரு ஆட்சேபனைக்கும் எழுத்தில் ஒரு பதில். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம், கேட்டால் கொடுக்கவேண்டும் என்கிறது. ஆனால், எதைக் கேட்பது என்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார்? விண்ணப்பங்களின் பட்டியலை மாதாமாதம் தமது அறிவித்தல் பலகையில் ஒட்டுவதற்குப் பாராளுமன்றம் புதிய சட்டம் இயற்றவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. 2025இல் தெரிவான உறுப்பினர்கள் அடுத்த சபைக் கூட்டத்திலேயே அதற்கான பிரேரணையைக் கொண்டுவரலாம்.