பந்து சோறு போடுமா?



"விளையாட்டு சோறு போடுமா?" என்ற கேள்வியை, பத்தாம் வகுப்பில் காலெடுத்து வைத்த நாள்முதல் நாங்கள் வீட்டில் கேளாத வாரமில்லை. இதற்கு விடை காணப் பெரிய நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. மாதவரத்தில் பேருந்தேறிப் பெரம்பூரில் இறங்கினாலே போதும். அங்கே பந்து எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. ஆனால் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளின் இலையில்தான் போட்டிருக்கிறது என்பதே எங்கள் மனக்குறை.

சென்னைக் கால்பந்து லீக்கைப் பற்றி நம்மில் பலர் அண்ணன்மார் வாயிலாகக் கேட்டிருப்போம். லீக் என்பது ஒருநாள் தோற்றதும் மூட்டை கட்டிக்கொண்டு வீடு திரும்பும் போட்டியன்று. ஒரு பிரிவிலுள்ள ஒவ்வோர் அணியும் மற்ற அணிகள் அனைத்துடனும் ஆடிப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். மேற்பிரிவில் கடைசியாக நிற்கும் அணி கீழே இறங்கும்; கீழ்ப்பிரிவில் முதலில் வரும் அணி மேலே ஏறும். ஏறக்குறைய நம் மாதத் தேர்வைப் போலத்தான். நல்ல வேளையாக, நம்மை யாரும் ஒன்பதாம் வகுப்புக்கு இறக்கிவிடுவதில்லை!

இந்த லீக்கை நெடுங்காலம் தாங்கி நின்றவை அலுவலக அணிகள். தென்னக இரயில்வே, இந்தியன் வங்கி, சுங்கத்துறை, வருமானவரித்துறை, ஏ.ஜி. ஆபீஸ், ஐ.சி.எப். என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். பெரம்பூரில் 1955-ஆம் ஆண்டு தொடங்கிய ஐ.சி.எப். இரயில் பெட்டிகளைச் செய்தது. கூடவே ஆட்டக்காரர்களையும் வளர்த்தது. நன்றாக ஆடும் இளைஞனை அழைத்து வேலை கொடுப்பார்கள். அவன் அலுவலகத்தில் கையெழுத்திடுவான், காலையும் மாலையும் பயிற்சி செய்வான், லீக் நாட்களில் அலுவலகத்தின் பனியனை அணிந்து களத்தில் இறங்குவான். முழுநேரத் தொழிலாக ஆடுபவன் என்று அவனைச் சொல்ல முடியாது. பொழுதுபோக்குக்கு ஆடுபவன் என்றும் சொல்ல முடியாது. கால் ஓய்ந்த பிறகும் சம்பளம் நிற்காது, பின்னர் ஓய்வூதியமும் உண்டு. 1996-ஆம் ஆண்டு தேசியக் கால்பந்து லீக் தொடங்கப்பட்டபின் இந்தியன் வங்கி அணி அதிலும் ஆடியது. அந்த அணியில் பணம் எண்ணும் கைகளும் பந்துதைக்கும் கால்களும் ஒருவருக்கே சொந்தமாயிருந்தன.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை துறைமுகம், இரயில் பட்டறை, மில், தொழிற்சாலை என்று உழைப்பவர் வாழும் பகுதி நம்முடையது. இங்கே கால்பந்து தழைத்ததில் வியப்பில்லை. மட்டையும் வேண்டாம், காலுறையும் வேண்டாம். ஒரு பந்தும் ஒரு வெற்றிடமும் இருந்தால் இருபது பேர் ஆடலாம். நம் அண்டை ஊரான வியாசர்பாடியில் ஒரு தொண்டமைப்பு 2000-ஆம் ஆண்டுமுதல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பந்தையும் பாடத்தையும் சேர்த்தே கற்றுத் தருகிறது. அந்த வியாசர்பாடியில் ஆட்டோ ஓட்டுநரின் மகனாகப் பிறந்த நந்தகுமார் சேகர் இந்திய அணிவரை உயர்ந்தார். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் அடித்த ஒரே கோல் அவருடையது. கொல்கத்தா நகரமே இரண்டுபட்டு நிற்கும் ஆட்டத்தில் நம் பக்கத்துத் தெருப் பிள்ளை வெற்றி தேடித் தந்தார் என்றால் நமக்குப் பெருமை இராதா?

இனி எங்கள் வழக்குக்கு வருகிறோம்.

மாநில அணிகளுக்கான சந்தோஷ் கோப்பை 1941-ஆம் ஆண்டு தொடங்கியது. நம் மாநில ஆடவர் அதை ஒருமுறைகூட வென்றதில்லை. மகளிருக்கான தேசியப் போட்டியைத் தமிழ்நாட்டுப் பெண்கள் இருமுறை வென்றிருக்கிறார்கள். 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரையும், 2023-இல் அமிர்தசரசில் அரியானாவையும் இறுதியாட்டத்தில் 2-1 என வீழ்த்தினார்கள். மணிப்பூர் என்றால் மகளிர் கால்பந்தின் தாய்வீடு! 2019-இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது மதுரையின் சேது அணி. அண்ணன்மார் கோபிக்க வேண்டாம், கணக்கைத்தான் சொன்னோம். ஆயினும் மாலையில் எந்த மைதானத்தை எட்டிப் பார்த்தாலும் ஆடுபவர்கள் பையன்களே. நாங்கள் ஓரமாக நடந்து டியூஷனுக்குப் போகிறோம்.

பெண்களுக்கு ஆகாத ஆட்டம், முட்டி உடையும் என்கிறார்கள். பையன்களின் முட்டி இரும்பால் ஆனதா? இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் இப்படித்தான் பேசினார்கள். முதல் உலகப் போரின்போது பிரஸ்டன் நகரில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள், டிக் கெர் மகளிர் அணி என்ற பெயரில் ஆடினார்கள். 1920 டிசம்பர் 26-ஆம் நாள் லிவர்பூல் நகரில் அவர்களின் ஆட்டத்தைக் காண ஐம்பதாயிரம் பேருக்கு மேல் திரண்டனர். அடுத்த ஆண்டே அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம், பெண்களுக்கு இந்த ஆட்டம் ஏற்றதல்ல என்று கூறித் தன் மைதானங்களை அவர்களுக்கு மூடிவிட்டது. தடை நீங்க 1971 ஆயிற்று. ஐம்பது ஆண்டுகள்! ஆள்வராத ஆட்டத்தை யாராவது தடை செய்வார்களா என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

அந்தப் பிரஸ்டன் பெண்களின் கதை எங்களைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணமுண்டு. அவர்களும் தொழிற்சாலைப் பெண்கள். நம் பக்கத்தில் தொழிற்சாலைக்கா பஞ்சம்? மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் லாரித் தொழிற்சாலை, இரண்டு துறைமுகங்கள், மாதவரத்தில் பால் பண்ணை. ஆண்களுக்கு வேலையும் பந்தும் சேர்த்துக் கொடுத்த அந்தப் பழைய ஏற்பாட்டைப் பெண்களுக்கும் விரித்தால் என்ன? கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணியேற்றவர். நடக்காத காரியமன்று.

அலுவலக அணிகளின் பொற்காலம் போய்விட்டதே என்று பெரியவர்கள் சொல்வதை நாங்கள் மறுக்கவில்லை. மும்பையின் மகிந்திரா அணி 2010-லும், பஞ்சாபின் ஜே.சி.டி. அணி 2011-லும் கலைக்கப்பட்டன. ஆனால் தனியார் மன்றங்களை மட்டும் நம்பியிருப்பதும் எளிதன்று. நம் லீக்கில் ஆடி வளர்ந்த சென்னை சிட்டி அணி, கோயம்புத்தூரைக் களமாகக் கொண்டு 2019-இல் ஐ-லீக் பட்டத்தை வென்றது. மூன்றாண்டுக்குள் அந்த லீக்கில் அதன் பெயரே இல்லை. அணி மறைந்தால் ஆட்டக்காரன் எங்கே போவான்? மாதச் சம்பளமுள்ள ஒரு வேலையின் அருமை அப்போதுதான் தெரியும். எங்கள் தந்தையருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள்.

மாலைப் பயிற்சி எங்களுக்கு எளிதல்ல என்பதும் மெய்தான். இருட்டுமுன் வீடு சேர வேண்டும். கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையைக் கடக்க வேண்டும். அம்மா வாசலில் நிற்பதை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஆகவே சனிக்கிழமைக் காலையைக் கேட்கிறோம். இராயபுரம், திருவொற்றியூர், பெரம்பூர், மாதவரம் ஆகிய இடங்களில் உள்ள பெண்கள் பள்ளிகள் சேர்ந்து ஆறு அணிகளாக ஆடினாலே ஒரு சிறு லீக் ஆகிவிடும். ஓர் அணிக்கு ஐந்து ஆட்டங்கள், ஆக மொத்தம் பதினைந்து. பள்ளி மைதானங்கள் சனிக்கிழமைகளில் சும்மாதான் கிடக்கின்றன. பந்தும் கோல் வலையும் பக்கத்துத் தொழிற்சாலைகள் தரட்டும். நடுவராக, ஓய்வு பெற்ற இரயில்வே ஆட்டக்காரர்களை அழைக்கலாம். கேட்டால் மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

மதிப்பிற்குரிய தலைமைச் சகோதரி அவர்களிடம் இதை எழுதிக் கொடுத்திருக்கிறோம். எங்கள் வகுப்பில் பதினான்கு பேர் பெயர் தந்துள்ளார்கள். கோல் காக்க மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை; ஒன்பதாம் வகுப்பில் உயரமான தங்கை எவளேனும் இருந்தால், பொதுத்தேர்வு முடிந்த மறு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்துவிடட்டும்.