எஞ்சின் இல்லாத ஆகாயப் பந்தயம்: இறங்கத் தெரிந்தவரே வீரர்!

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் இருக்கிறது வடுவூர் ஏரி. மார்கழி, தை மாதங்களில் அங்கே பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து சேரும். 2022-ம் ஆண்டில் இந்த ஏரி, உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் இடம் பெற்றது.

அந்த ஏரியின் நாரைகள் விடிந்தவுடனே உயரப் பறப்பதில்லை. வெயில் ஏற வேண்டும். தரை சூடாக வேண்டும். அதன் பிறகு சிறகை அடிக்காமல், விரித்தது விரித்தபடியே வட்டம் போட்டு மேலே மேலே போகும். மன்னார்குடி ராஜகோபாலசுவாமி கோயில் கோபுரத்துக்கு மேலே கருடன் சுற்றுவதும் இப்படித்தான்.

இதே வித்தையை மனிதனும் கற்றுக்கொண்டான். எஞ்சின் கிடையாது, பெட்ரோல் கிடையாது. காற்றை மட்டும் நம்பி 100 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, முதலில் வருபவர் யார் என்று பந்தயம் நடத்துகிறான். இந்தியாவிலும் இந்த விளையாட்டு பரவி வருகிறது. கூடவே விபத்துக்களும் வருகின்றன. ஆகவே, இதன் சூட்சுமத்தை எல்லோரும் அறிந்துகொள்வது நல்லது.

தொங்கிப் பறக்கும் இறக்கை

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஹாங் கிளைடர். முக்கோண வடிவமான இறக்கை. உள்ளே உலோகக் குழாய்ச் சட்டம். மேலே உறுதியான துணி. எடை சுமார் 30 கிலோ. பறப்பவர் இதன் அடியில் குப்புறப் படுத்தபடி தொங்குவார். உடம்பை இடப்புறம் சாய்த்தால் இடப்புறம் திரும்பும். வலப்புறம் சாய்த்தால் வலப்புறம் திரும்பும். மற்றொன்று பாராகிளைடர். இதில் சட்டம் கிடையாது. பாராசூட் போன்ற துணி இறக்கையின் கீழே, கயிறுகளில் தொங்கும் இருக்கையில் உட்கார்ந்து பறப்பார்கள்.

ஹாங் கிளைடருக்கான முதல் உலகப் போட்டி 1976-ல் ஆஸ்திரியா நாட்டிலுள்ள கோசன் என்ற ஊரில் நடந்தது.

மலைச் சரிவில் ஓடிக் குதித்தால் இறக்கை காற்றில் ஏறிவிடும். ஆனால், அது எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அமைதியான காற்றில் 1 கிலோமீட்டர் உயரத்திலிருந்து புறப்படும் நல்ல ஹாங் கிளைடர், சுமார் 15 கிலோமீட்டர் போய்த் தரையைத் தொட்டுவிடும். அப்படியானால் 100 கிலோமீட்டர் போவது எப்படி?

காற்று ஏணி

வெயிலில் தரை ஒரே மாதிரி சூடாவதில்லை. சம்பா நடவு முடிந்து நீர் நிற்கும் வயலில், வெயிலின் உஷ்ணம் நீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். அங்கே காற்று எளிதில் மேலே எழாது. அறுவடை முடிந்து கோடையில் வெடித்துக் கிடக்கும் வயல் அப்படியல்ல. அதன் மேலுள்ள காற்று சூடாகி, லேசாகி, மேலே கிளம்பும். அதுதான் ஏறுகாற்று. நாரையும் கருடனும் ஏறும் ஏணி அதுவே.

மனிதனும் அந்த ஏணியைத் தேடிப் பிடிக்கிறான். அதற்குள் வட்டமிட்டு உயரம் சேர்க்கிறான். பிறகு நேரே பறந்து, அடுத்த ஏணிக்குப் போகிறான். ஏறுகாற்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அடையாளங்கள் உண்டு. பஞ்சுப் பொதி போன்ற மேகம் ஓர் அடையாளம். வட்டமிடும் பருந்து இன்னொன்று. ஏறுகிறோமா, இறங்குகிறோமா என்பதை ஒலி எழுப்பிச் சொல்லும் சிறு கருவியும் கூடவே இருக்கும்.

பந்தயம் நடப்பது எப்படி?

காலையில் காற்றையும் மேகத்தையும் பார்த்து, அன்றைய பாதையைக் குழுவினர் முடிவு செய்வார்கள். புறப்படும் எல்லை, வழியில் தொட வேண்டிய இடங்கள், போய்ச் சேர வேண்டிய இடம் எல்லாம் அறிவிக்கப்படும். ஒவ்வோர் இடத்தையும் சுற்றி வரைபடத்தில் ஒரு வட்டம் இருக்கும். அதற்குள் நுழைந்துவிட்டுப் போக வேண்டும். முன்பெல்லாம் அந்த இடத்தைப் போட்டோ எடுத்து வந்து காட்டினார்கள். இப்போது ஜி.பி.எஸ். கருவி சாட்சி சொல்கிறது.

புறப்படும் நேரம் வரும் வரை போட்டியாளர்கள் ஆகாயத்திலேயே வட்டமிட்டுக் காத்திருப்பார்கள். ஒரே ஏறுகாற்றில் பலர் இருந்தால், எல்லோரும் ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் மோதல்தான்!

பிறகு ஒவ்வொரு நிமிஷமும் ஒரு கேள்வி. இந்த ஏறுகாற்றில் இன்னும் கொஞ்சம் உயரம் சேர்ப்பதா? விட்டுவிட்டு விரைவதா? தாமதித்தால் மற்றவர் முந்திவிடுவார். அவசரப்பட்டு, அடுத்த ஏறுகாற்று கிடைக்காவிட்டால், பாதி வழியில் ஏதாவது ஒரு வயலில் இறங்க வேண்டியதுதான். பதறாத காரியம் சிதறாது என்பது இங்கே முழுக்க முழுக்க உண்மை.

11 மணி நேரப் பிரயாணம்

இந்தக் கலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2012-ம் ஆண்டு ஜூலை 3-ந் தேதி, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள சபாட்டா என்ற ஊரிலிருந்து இருவர் ஹாங் கிளைடரில் கிளம்பினார்கள். அமெரிக்கர் டஸ்டின் மார்ட்டின் ஒருவர். ஆஸ்திரேலியர் ஜானி டுராண்ட் மற்றவர். அது சமவெளி, மலை இல்லை. சிறு விமானம் கயிறு கட்டி இழுத்து உயரே விட்டது. அதன் பிறகு எல்லாம் காற்றுதான்.

சுமார் 11 மணி நேரம்! இருவரும் பக்கத்தில் பக்கத்தில் பறந்தார்கள். ஒருவர் கண்ட ஏறுகாற்றை மற்றவரும் பயன்படுத்திக்கொண்டார். முடிவில் மார்ட்டின் 760 கிலோமீட்டருக்கு மேல் பறந்து உலக சாதனை படைத்தார். டுராண்ட் சில கிலோமீட்டர்தான் பின்தங்கினார். மன்னார்குடியிலிருந்து நேர்கோட்டில் ஐதராபாத் வரை உள்ள தூரம் ஏறக்குறைய அவ்வளவு!

மேகம் விழுங்கிய பெண்

ஏற்றிவிடும் காற்றே எமனாகவும் மாறும். 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனிலா என்ற ஊரில் உலக பாராகிளைடிங் போட்டிக்காகப் பலர் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அப்போது இடிமேகம் திரண்டது. ஜெர்மனி வீராங்கனை எவா விஸ்னியர்ஸ்காவை அது உள்ளே இழுத்துக்கொண்டது. 9,946 மீட்டர் உயரம் வரை அவர் தூக்கிச் செல்லப்பட்டார். எவரெஸ்ட் சிகரத்தையும் தாண்டிய உயரம்! உடம்பெல்லாம் பனிக்கட்டி, நினைவு தப்பிவிட்டது. நினைவு திரும்பி, உயிரோடு தரை சேர்ந்தது பெரும் அதிசயம். அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் ஹே சோங்பின் மாண்டுபோனார்.

அதனால்தான் பந்தயத்தில் ஒரு விதி உண்டு. வானிலை கெட்டால் அதிகாரிகள் பந்தயத்தைப் பாதியிலேயே நிறுத்தலாம். அதுவரை பறந்ததற்குப் புள்ளிகள் உண்டு. புள்ளி போய்விடுமே என்று ஒருவரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம் என்பதே இதன் கருத்து.

நம் நாட்டில் என்ன நிலை?

இமாசலப் பிரதேசத்திலுள்ள பீர்-பில்லிங் இந்த விளையாட்டுக்குப் பெயர் பெற்ற இடம். 2015 அக்டோபரில் அங்கே பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. 2022 ஜூன் மாதம் மத்திய அரசு, தேசிய ஆகாய விளையாட்டுக் கொள்கையை வெளியிட்டது. 11 வகை விளையாட்டுகள் அதில் அடங்கும். 2030-க்குள் இத்துறையில் முன்னணி நாடுகளில் ஒன்றாக இந்தியா வர வேண்டும் என்பது நோக்கம். பறக்க வைப்பவர்களும் அவர்களுடைய முக்கிய சாதனங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும் அது சொல்கிறது.

நோக்கம் நல்லதே. ஆனால், 2025 ஜனவரியில் ஒரே வாரத்தில் இமாசலத்தில் இரண்டு சுற்றுலாப் பயணிகள் பாராகிளைடர் விபத்தில் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து சென்ற இளைஞர்.

பந்தய வீரருக்குப் பல வருஷப் பயிற்சி இருக்கிறது. பறக்கலாமா, வேண்டாமா என்று அவரே முடிவு செய்கிறார். சுற்றுலா போகிறவருக்கோ ஒன்றும் தெரியாது. பணம் கொடுத்து, முன்பின் அறியாத ஒருவரை நம்பி, அவரோடு சேர்ந்து ஆகாயத்தில் குதிக்கிறார். அதிகம் பேரைப் பறக்க வைத்தால் அதிக வருமானம். அங்கே "இன்று காற்று சரியில்லை; வேண்டாம்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். பந்தயத்தில் அதிகாரி அதைச் சொல்கிறார். சுற்றுலா இடத்தில் அதைச் சொல்ல அதிகாரம் உள்ள ஒருவர் தினமும் நிற்க வேண்டும். கொள்கை காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது.

மழைக் காலத்தில், ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை, இமாசலத்தில் பறக்கத் தடை இருக்கிறது. மற்ற நாட்களிலும் எச்சரிக்கை தேவை.

பிள்ளைகளை அழைத்துப் போகும் பெற்றோர் நான்கு கேள்வி கேட்க வேண்டும். ஓட்டுபவரிடம் உரிமம் இருக்கிறதா? தலைக்கவசம் தருகிறார்களா? ஆபத்துக்கு உதவும் இரண்டாவது பாராசூட் இருக்கிறதா? இன்றைய காற்று எப்படி? நான்கில் ஒன்றுக்குச் சரியான பதில் வராவிட்டாலும், கொடுத்த பணம் போனால் போகட்டும். திரும்பி வந்துவிடுவதே புத்திசாலித்தனம். மலையும் காற்றும் அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும்.