உலை வைப்பதற்கு முன் ஒரு பிடி

மாரிக்குப்பம் போகும் மாலை ரயிலில், கிருஷ்ணராஜபுரத்தில் ஏறிய பெண் ஒருவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் மடியில் ஒரு துண்டை விரித்து, பையிலிருந்து அவரைக்காயை எடுத்து உரிக்கத் தொடங்கினார். பெங்களூரில் எங்கு பார்த்தாலும் அவரைக்காய் குவிந்து கிடக்கும் பனிக்காலம் அது. பங்காருப்பேட்டை வருவதற்குள் தோல் ஒரு பையிலும் கொட்டை ஒரு டப்பாவிலும் சேர்ந்துவிட்டன. “இங்கேயே முடிச்சிட்டா வீட்டுல அரை மணி நேரம் மிச்சங்க” என்றார். அந்த அரை மணியில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “துணி துவைக்கணும்” என்றார்.

மாரிக்குப்பம் இருக்கும் கோலார் தங்கவயலின் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அதுவரை அங்கிருந்த தமிழர்களுக்கு வேலை வீட்டுப் பக்கத்திலேயே இருந்தது. சங்கு ஊதியதும் ஷிப்டுக்குக் கிளம்பினால் போதும். இன்று அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் விடிவதற்கு முன்பே ரயிலேறி, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தாண்டி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

நேரத்தைத் திட்டமிடுவது எப்படி என்று பெங்களூர் அலுவலகங்களில் வகுப்பு எடுக்கிறார்கள். முன்னுரிமைப் பட்டியல் போடு, அவசரமானதையும் முக்கியமானதையும் பிரி, பயண நேரத்தை வீணாக்காதே என்கிறார்கள். நல்ல யோசனைகள்தான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு இதில் புதிதாகச் சொல்லித்தர என்ன இருக்கிறது? இந்த வகுப்புகள் சொல்லும் எல்லாவற்றையும் அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார். இருந்தும் மிச்சம் பிடித்த அரை மணி அவர் கைக்கு வரவில்லை, வாளிக்குப் போய்விட்டது. ஒருவருக்கு நேரம் இல்லாமல் போவதற்கு அவருடைய திறமைக் குறைவுதான் காரணம் என்ற எண்ணத்தை முதலில் விட்டொழிக்க வேண்டும்.

நேரத்தை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்போம். முதலில் சாலை. போக்குவரத்தை அளக்கும் டாம்டாம் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுக் கணக்குப்படி, பெங்களூரில் 10 கிலோமீட்டர் போக சராசரியாக 34 நிமிடம் 10 வினாடி ஆனது. மெதுவான பயணத்தில் அந்த ஆண்டு உலகில் மூன்றாம் இடம். சில்க் போர்டு சந்திப்பில் சிக்கியவர்களுக்கு இந்தப் புள்ளிவிவரம் தேவையில்லை. பொம்மசந்திரா வரை செல்லும் மெட்ரோ மஞ்சள் பாதை 2025 ஆகஸ்டில் திறந்தபோது, 25 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்ற நிலையிலும் எலக்ட்ரானிக் சிட்டிக்காரர்கள் அதை ஏன் கொண்டாடினார்கள் என்பது எளிதில் புரியும். ஓர் அரசு குடிமக்களுக்கு நேரத்தைத் திருப்பிக் கொடுக்க முடியும் என்பதற்கு அது கண்முன் உள்ள சாட்சி.

அடுத்தது வேலை. இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி 2023 அக்டோபரில் சொன்னார். அவருடைய உழைப்பின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தான் தொடங்கிய நிறுவனத்துக்காக ஒருவர் தரும் 70 மணி நேரமும், மாதச் சம்பளக்காரரிடம் கேட்கும் 70 மணி நேரமும் ஒன்றல்ல. கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் ஆறு நாள் என்றால் நாளுக்கு 11 மணி 40 நிமிடம். தூக்கத்துக்கு 7 மணி நேரம், போக்குவரத்துக்கு 3 மணி நேரம். மீதி 2 மணி 20 நிமிடம். குளிப்பது, சமைப்பது, சாப்பிடுவது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இதில் எதற்கு முன்னுரிமை கொடுப்பது? வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சொல்லியிருக்கின்றன.

இவ்வளவுக்கும் பிறகுதான் 2025இல், கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, நாள் வேலையை 9 மணியிலிருந்து 10 மணியாகவும், மூன்று மாத ஓவர்டைம் வரம்பை 50 மணியிலிருந்து 144 மணியாகவும் உயர்த்தலாம் என்ற யோசனையைக் கர்நாடக அரசு முன்வைத்தது. ஐ.டி. ஊழியர் சங்கமான கிட்டு அதை எதிர்த்தது. எதிர்த்தது முழுக்க நியாயம். மெட்ரோ மூலம் ஒரு கையால் கொடுக்கும் நேரத்தை இன்னொரு கையால் பிடுங்கும் இந்த வேலையை அரசு மறுபடி நினைத்தும் பார்க்கக் கூடாது.

வீட்டுக்குள் வருவோம். 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்கு 289 நிமிடம் கொடுக்கிறார்கள். அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். இடைவெளி 3 மணி 21 நிமிடம். இதற்கு நகர நெரிசலையோ முதலாளியையோ குற்றம் சொல்ல முடியாது. இது ஆண்களாகிய நாம் எடுத்துக்கொண்ட நேரம்.

நம் கையில் உள்ளதும் உண்டு. எங்கள் பாட்டி உலையில் அரிசி போடுவதற்கு முன், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். அதைப் பிடி அரிசி என்பார்கள். சமைத்து மீந்தால் எடுத்து வைக்கலாம் என்று இருந்திருந்தால் அந்தப் பானையில் ஒருநாளும் அரிசி சேர்ந்திருக்காது. நேரமும் அப்படித்தான். அவசர வேலைக்கு ஆள் இருக்கிறது. மேலாளர் கூப்பிடுவார், வாட்ஸ்அப்பில் செய்தி வரும். ஊரில் இருக்கும் அம்மாவிடம் நிதானமாகப் பேசுவது, தள்ளிப்போட்ட ரத்தப் பரிசோதனை, பிள்ளைக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித்தருவது, லால்பாக் பூங்காவில் ஒரு நடை என இவற்றையெல்லாம் ஏன் செய்யவில்லை என்று கேட்க யாரும் வரமாட்டார்கள். ஆகவே வாரம் தொடங்கும்போதே இவற்றுக்கு நாள், நேரம் குறித்துவிட வேண்டும். மற்றவை மீதி நேரத்துக்குள் அடங்கட்டும். களைத்துப்போய் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தால் கை ரீல்ஸ் பக்கம்தான் போகும். அந்த நேரத்தை ‘எனக்கான நேரம்’ என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

ஆனால் அளப்பதற்கே அரிசி இல்லாத வீட்டில் பிடி அரிசி எடுக்கச் சொல்ல முடியாது. ரயிலில் அவரைக்காய் உரித்த பெண்ணிடம், அந்த அரை மணியில் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. வாரத்தில் ஒரு மாலை சமையலையும் துணியையும் பிள்ளைகளின் பாடத்தையும் ஆண்களாகிய நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள பெண்ணுக்கு அந்த மாலையை முழுதாகக் கொடுங்கள். அதில் என்ன செய்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.