பாட்டி வீட்டு பீரோவை விற்கப் போகிறீர்களா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் ராயவரம், கோனாப்பட்டு போன்ற செட்டிநாட்டு ஊர்களில் பழைய வீட்டைப் பிரித்தால், கதவும் தூணும் பீரோவும் லாரி ஏறிவிடும். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் அவற்றுக்கு நல்ல கிராக்கி. நகரத்தார் பர்மாவில் தொழில் செய்த நாளில் கப்பலில் வந்த தேக்கு அது. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததோடு அந்தக் காலம் முடிந்தது.

ஆனால், பீரோ இத்தனை வருடம் தாங்கியதற்குத் தேக்கு மட்டும் காரணமல்ல. மழைக்காலத்தில் பலகை ஈரம் குடித்து அகலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். அதனால் ஆசாரி பலகையை ஒட்டிவிடாமல், சட்டத்தில் காடி வெட்டிச் செருகுவார். அசைய இடமிருப்பதால் பலகை வெடிக்காது. மூலையில் ஒரு சட்டத்தில் துளை, அடுத்ததில் கழுந்து, குறுக்கே ஒரு மர ஆணி. அந்த ஆணியைத் தட்டி எடுத்தால் கழற்றிப் பழுது பார்க்கலாம்.

இந்தக் கணக்கு கைப்பழக்கத்தில்தான் வரும். பட்டறைக்கு வரும் பையன் முதலில் உளி தீட்டப் பழகுவான். பிறகு இழைப்புளி. நார் ஓடும் திசைக்கு எதிராக இழைத்தால் மரம் செதில் செதிலாகப் பெயரும். கழுந்து வெட்டுவது அதற்கப்புறம்தான். துளைக்குள் அது தொளதொளவென்று இறங்கினால் நாற்காலி ஆடும். மிக இறுக்கமானால் சட்டம் பிளக்கும்.

வேலை வந்தால்தான் பட்டறையில் பையன் நிற்பான். எனவே, ஆடும் நாற்காலியில் இரும்பு ஆணி அடிக்காதீர்கள். துருப்பிடிக்கும், மரமும் பிளக்கும். கைவேலை தெரிந்த ஆசாரியிடம் கொடுத்துக் கழற்றிப் பூட்டச் சொல்லுங்கள். பாட்டியின் பீரோ பிழைக்கும். அந்தத் தொழிலும் பிழைக்கும்.